பிள்ளைகள் வாசிக்கும் வானிலை அறிக்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வானிலை அறிக்கை வாசிக்கிறார்கள். ஒன்றரை நிமிட வீடியோதான். காலையில் எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். இதைப் பார்த்துவிட்டுப் பெற்றோரும், தேவகோட்டை, புதுவயல் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே மாதிரியான கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

பிள்ளைகளே வானிலையைக் கணிக்கிறார்களா?

இல்லை. கணிப்பது இந்திய வானிலை ஆய்வுத் துறை. 1875-இல் தொடங்கிய துறை அது. தமிழ்நாட்டுக்கான அறிக்கை சென்னை நுங்கம்பாக்கத்தில் இருக்கும் மண்டல மையத்திலிருந்து வருகிறது. மாவட்ட வாரியாகவும் வெளியிடுகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என்று இரண்டு மாவட்டங்களில் கிடப்பதால் நாங்கள் இரண்டையும் எடுத்துக்கொள்கிறோம். எல்லையில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு மாவட்டத்தை மட்டும் சொன்னால் போதாது.

பிள்ளைகளுடைய சொந்த வேலை அளப்பது. மழை, வெப்பம், காற்றின் திசை, ஊருணியில் தண்ணீர். ஊருணிக்கு நாங்கள் வைத்திருக்கும் அளவு படிக்கட்டு. தண்ணீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று எண்ணிச் சொல்வார்கள். "போன வாரம் பதினொன்று, இன்று ஒன்பது" என்றால் ஊரில் எல்லோருக்கும் புரியும்.

ஆக ஒரு வீடியோவில் மூன்று பகுதி இருக்கும். நேற்று சொன்னது என்ன ஆயிற்று, இன்று நாங்கள் அளந்தது என்ன, நாளைக்குத் துறை என்ன சொல்கிறது. இந்த வரிசையை நாங்கள் மாற்றுவதே இல்லை.

நேற்று சொன்னதை ஏன் முதலில் வைக்கிறீர்கள்? நாளைக்கு என்ன என்பதுதானே எல்லோருக்கும் வேண்டும்?

தொடங்கிய புதிதில் நாங்களும் நாளையை மட்டும்தான் சொன்னோம். அழகாக உடுத்தி, மனப்பாடம் செய்து, டிவியில் வருகிற மாதிரியே கை காட்டிப் பேசினார்கள். பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஆனால் சொன்னது நடந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை. எனக்கு அது உறுத்தலாகவே இருந்தது.

அப்புறம் ஒரு செப்டம்பர் மாதம், மாலையில் இடியுடன் மழைக்கு வாய்ப்பு என்று நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் வாசித்தான். மழை வரவில்லை. மறுநாள் காலை, நான் எதுவும் சொல்லாமலே, மழைமானி பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கேமரா முன்னால் வந்து நின்றான். "நேத்து மழை வரும்னு சொன்னோம். வரல. பாருங்க, பூஜ்யம்." பாட்டிலை நேராகப் பிடித்து, பூஜ்யக் கோட்டுக்கு மேலே தண்ணீர் இல்லை என்று காட்டினான். முகத்தில் வெட்கம் இல்லை. குரல் தடுமாறவில்லை.

அன்றிலிருந்து அதுவே முதல் பகுதி. சொன்ன சொல்லை மறுநாள் எடுத்துப் பார்ப்பதும், தப்பானால் எல்லோர் முன்னாலும் தப்பு என்று சொல்வதும் பத்து வயதில் பழகிவிட்டால் வேறென்ன வேண்டும்? இந்த வேலையில் நான் மிகவும் மதிப்பது இந்தப் பகுதியைத்தான். நேரம் இல்லை, ஒரு பகுதியைக் குறைக்க வேண்டும் என்றால் கை காட்டுவதையும் வரைபடத்தையும் விட்டுவிடுங்கள். இதை விடாதீர்கள்.

"ஓரிரு இடங்களில் மழை" என்கிறார்கள். எங்கள் ஊருக்கு உண்டா, இல்லையா?

பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். பிள்ளைகளுக்கும் முதலில் இது புரியவில்லை.

இந்தச் சொற்கள் வாய்க்கு வந்தபடி போடுபவை அல்ல. ஒரு பகுதியில் இருக்கும் மழை அளக்கும் நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பெய்யும் என்றால் "ஓரிரு இடங்கள்". 26 முதல் 50 வரை "சில இடங்கள்". 51 முதல் 75 வரை "பல இடங்கள்". அதற்கும் மேலே "பெரும்பாலான இடங்கள்". காரைக்குடியில் கொட்டி தேவகோட்டையில் ஒரு துளி இல்லையென்றாலும் அறிக்கை தப்பில்லை.

நான் இதை மைதானத்தில் வைத்துச் சொல்லிக் கொடுத்தேன். இருபது பிள்ளைகளை ஆங்காங்கே நிற்கவைத்து, ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர்ப் பெயர் கொடுத்தேன். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், ஆத்தங்குடி என்று. கையில் ஒரு செம்புத் தண்ணீர். "இன்று ஓரிரு இடங்களில் மழை" என்று சொல்லிவிட்டு ஐந்து பேர் மேல் மட்டும் தெளித்தேன். ஐந்து பேர் கத்தினார்கள், மற்றவர்கள் "டீச்சர், எங்க ஊருக்கு வரல" என்றார்கள். இருபதில் ஐந்து, அதாவது 25 சதவீதம். அடுத்து "பல இடங்களில்" என்றதும் பதினைந்து பேர் நனைந்தார்கள். சதவீதம் என்ற பாடத்தை இதைவிட வேகமாக நான் நடத்தியதில்லை.

நம் பக்கத்துக்கு இது முக்கியமும்கூட. ஆகஸ்ட், செப்டம்பரில் நமக்கு வரும் மழையில் பெரும்பகுதி வெப்பச்சலன மழை. பகல் முழுக்கத் தரை சூடாகி, காற்று மேலே ஏறி, பிற்பகலில் மேகம் திரண்டு, சாயங்காலம் இடித்துப் பெய்யும். அது ஊர் பார்த்துப் பெய்கிற மழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வரும்போதுதான் "பல இடங்கள்", "பெரும்பாலான இடங்கள்" என்ற சொற்கள் அடிக்கடி காதில் விழும்.

மழைமானி எங்கே வாங்கினீர்கள்?

வாங்கவில்லை, செய்தோம். இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். மேலிருந்து கீழ்வரை பக்கம் நேராக இருக்கும் பாட்டிலாகப் பாருங்கள். இடுப்பு ஒடுங்கிய பாட்டில் உதவாது. கழுத்துக்குக் கீழே வளைவு முடிகிற இடத்தில் வெட்டி, வெட்டிய மேல்பகுதியைப் புனல் மாதிரித் தலைகீழாக உள்ளே செருகுங்கள். தண்ணீர் ஆவியாகிப் போவதை அது குறைக்கும். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்குகிற இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே ஒரு கோடு போடுங்கள். அதுதான் பூஜ்யம். அங்கிருந்து மேலே மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டிவிட்டால் முடிந்தது. காற்றில் சாயாமலிருக்க, மணல் நிரப்பிய வாளியில் புதைத்து வைக்கிறோம். தினமும் அளந்த பிறகு, தண்ணீரைப் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். வெயில் நாளில் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் ஊற்றிச் சரி செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டால் மறுநாள் கணக்கு குழம்பிவிடும்.

வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) வைத்து அளக்கலாமா? வானம் திறந்துதானே இருக்கிறது?

வைக்க வேண்டாம். செட்டிநாட்டு வீட்டின் அழகே நாலு பக்கத்து ஓட்டுக் கூரையும் உள்பக்கம் சரிந்து, மழை முழுவதும் வளவுக்குள் கொட்டுவதுதான். அண்டாவை வைத்துப் பிடிப்பதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் ஓட்டில் விழுந்த தண்ணீரும் சேர்ந்து பாட்டிலில் இறங்கிவிடும். ஒரு முறை ஒரு பையன் வீட்டில் அளந்து 140 மி.மீ. என்று பெருமையாகச் சொன்னான். அன்று பள்ளி மைதானத்துப் பாட்டிலில் இருந்தது 22. ஓட்டுத் தாழ்வாரத்தின் ஓரத்தில் வைத்திருக்கிறான்.

சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். மூன்று மீட்டர் மதில் என்றால் ஆறு மீட்டர்.

ஏன் சரியாகக் காலை 8.30-க்கு அளக்க வேண்டும்?

இந்தியா முழுவதும் மழையளவு காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை என்றுதான் கணக்கு. நாமும் அதே நேரத்தில் அளந்தால்தான் பேப்பரில் வரும் காரைக்குடி மழையளவோடு ஒப்பிட முடியும். எங்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. காலை உணவுக்கு வருகிற பிள்ளைகள் அந்த நேரத்தில் பள்ளியில் இருப்பார்கள். கை கழுவிவிட்டு இரண்டு பேர் போய்ப் பார்த்து வருவார்கள். ஒருவர் பார்த்துச் சொன்னதை மற்றவர் தனியாகப் பார்த்துச் சரி என்ற பிறகே நோட்டில் ஏறும்.

கனமழை, மிகக் கனமழை: எத்தனை மில்லிமீட்டர்?

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் 115.5 வரை பெய்தால் கனமழை. 115.6 முதல் 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேலே அதி கனமழை. கீழே, 2.5 மி.மீ.யாவது பெய்தால்தான் அது "மழை நாள்" என்று கணக்கில் வரும். செய்தியில் பெரும்பாலும் செ.மீ.யில் சொல்வார்கள். 7 செ.மீ. என்றால் 70 மி.மீ. இந்த இடத்தில் பிள்ளைகள் மட்டுமல்ல, பெரியவர்களும் தடுமாறுகிறார்கள்.

மில்லிமீட்டர் என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் மனதில் பதியவைக்க ஒரு கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் தரையில் 1 மி.மீ. மழை என்பது சரியாக 1 லிட்டர் தண்ணீர். எங்கள் வகுப்பறை மொட்டை மாடி நூறு சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. பெய்தால் ஆயிரம் லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் 66 குடத்துக்கு மேல். "அவ்வளவு தண்ணி எங்க டீச்சர் போச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். மழைநீர்க் குழாயைக் காட்டினேன். அன்று முழுக்க அவர்கள் பேச்சு அதுதான்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று சொல்லிப் பிள்ளைகள் பயமுறுத்துவதாக ஆகாதா?

நிறத்தின் அர்த்தத்தைச் சேர்த்தே சொன்னால் ஆகாது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள், கவனித்துக்கொண்டிருங்கள். ஆரஞ்சு, தயாராக இருங்கள். சிவப்பு, நடவடிக்கை எடுங்கள். துறை எந்த நிறம் கொடுத்ததோ அதையே சொல்வோம், கூட்டவும் மாட்டோம், குறைக்கவும் மாட்டோம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்து புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டதை ஊரில் யாரும் மறக்கவில்லை. பிள்ளைகளுக்கு அந்தக் கதை வீட்டில் கேட்டே தெரியும். அதனால் எச்சரிக்கை நாளில் பாட்டு, சிரிப்பு எதுவும் வைப்பதில்லை.

காற்றின் திசையைப் பிள்ளைகள் மாற்றிச் சொல்லிவிடுகிறார்களே?

எல்லோருக்கும் வருகிற குழப்பம் இது. காற்று எங்கே போகிறது என்பதை வைத்துப் பெயர் இல்லை, எங்கிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான். இதைச் சொல்லிக்கொடுக்கத் தமிழே கை கொடுக்கிறது. வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நாலு பெயருமே வருகிற திசைக்குத்தான். இதை ஒருமுறை சொன்னதும் "அப்போ வடகிழக்குப் பருவக்காற்று வடகிழக்கிலேர்ந்து வருது" என்று அவர்களே முடித்துவிட்டார்கள். ஒரு மூங்கில் கம்பில் பழைய புடவைக் கிழிசலைக் கட்டிவைத்திருக்கிறோம். துணி தென்மேற்கே பறந்தால் காற்று வடகிழக்கிலிருந்து வருகிறது. வேறு கருவி வேண்டாம்.

வரைபடத்தில் எங்கள் பிள்ளை தொண்டியைக் காட்டச் சொன்னால் திண்டுக்கல் பக்கம் கை காட்டுகிறாள். என்ன செய்வது?

அவள் மேல் தப்பில்லை. சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்து நின்றால் கிழக்கு வலது கைப்பக்கம். அதையே முதுகுக்குப் பின்னால் வைத்து கேமராவைப் பார்த்துத் திரும்பினால் கிழக்கு இடது கைப்பக்கம் வந்துவிடும். வங்கக் கடல், தொண்டி எல்லாம் இடது கை. செல்போனின் முன்பக்கக் கேமராவில் தன்னைப் பார்த்துக்கொண்டே பேசினால், கண்ணாடி மாதிரி மாற்றிக் காட்டி இன்னும் குழப்பும். அதனால் பின்பக்கக் கேமராவில் எடுங்கள். நாங்கள் இடது மணிக்கட்டில் ஒரு நீல ரிப்பன் கட்டிவிடுகிறோம். நீலம் என்றால் கடல். ஒரு வாரத்தில் ரிப்பன் தேவைப்படாது.

பச்சைத் துணியைப் பின்னால் கட்டி, செயலியில் வரைபடத்தைப் பொருத்தும் முறையையும் முயன்றோம். பச்சைப் பாவாடை கட்டி வந்த பெண்ணின் பாவாடை முழுக்கத் தமிழ்நாடு ஆகிவிட்டது, அவள் அழுதே விட்டாள். அது போகட்டும், பச்சைத் துணி முன்னால் நிற்கும் பிள்ளைக்குப் பின்னால் எதுவுமே தெரியாது. எதைக் காட்டுகிறோம் என்று தெரியாமல் கையை ஆட்டுவதில் என்ன பாடம் இருக்கிறது? இப்போது சார்ட் அட்டையில் பிள்ளைகளே வரைந்த வரைபடம்தான். மேகம், சூரியன், மின்னல் எல்லாம் வெட்டி ஒட்டிக்கொள்கிறார்கள்.

மற்றபடி ஒரு செல்போன், அதைச் சாய்த்து வைக்க நாலு நோட்டுப் புத்தகம், ஜன்னல் வெளிச்சம். போனைப் படுக்கவாட்டில் பிடியுங்கள். வெளியே எடுத்தால் காற்றுச் சத்தம் குரலை விழுங்கிவிடும், வராந்தாவுக்குள் எடுங்கள்.

"மளை" என்று சொல்கிறார்கள். வீடியோவில் கேட்க ஒரு மாதிரி இருக்கிறது.

நம் பக்கத்தில் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் வரும். வீட்டில் அப்படிப் பேசுவது குறை இல்லை, அதை வீட்டை விட்டு விரட்டவும் வேண்டாம். ஆனால் அறிக்கை என்பது எழுத்துத் தமிழ். அதில் ழகரம் கொட்டிக் கிடக்கிறது: மழை, கிழக்கு, சுழற்சி, சூழல், காற்றழுத்தத் தாழ்வு. "வாழைப்பழம்" என்று நூறு முறை சொல்லவைப்பதைவிட, தினமும் உண்மையான ஒரு சேதிக்காக "மழை" என்று சொல்லவைப்பது நன்றாக வேலை செய்கிறது. நாக்கு நுனியை மேலே வளைத்து, எதையும் தொடாமல் நிறுத்தி ஒலிக்கச் சொல்லுங்கள். தொட்டால் ள. கேமரா ஓடும்போது மட்டும் திருத்தாதீர்கள். அந்தப் பிள்ளை அப்புறம் கேமரா பக்கம் வரவே மாட்டாள்.

கூச்சப்படுகிற பிள்ளையை என்ன செய்வது?

வற்புறுத்த வேண்டாம். அளக்க, நோட்டில் எழுத, கேமரா பிடிக்க, வரைபடத்தில் மேகம் ஒட்ட என்று வேலை நிறைய இருக்கிறது. எங்களிடம் இரண்டு மாதம் மேகம் மட்டும் ஒட்டிய ஒரு பெண், ஒருநாள் வாசிப்பவள் வராதபோது தானாக வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் மனப்பாடமாக இருந்தது.

பெரியவர்கள் சொல்லும் அடையாளங்களைச் சேர்க்கலாமா?

சேர்க்கிறோம், சரிபார்க்கவும் செய்கிறோம். "தட்டான் தாழப் பறந்தால் மழை", "எட்டக் கோட்டை கட்டினால் கிட்ட மழை", ஈசான மூலையில் மின்னல் என்று தாத்தா, அப்பத்தா சொல்வதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி, பக்கத்தில் மறுநாள் மழையளவைப் போடுகிறார்கள். நிலாவைச் சுற்றிக் கட்டும் அந்தக் கோட்டைக்குக் காரணமும் சொல்லிக்கொடுக்கலாம். உயரத்தில் இருக்கும் மெல்லிய மேகத்தில் பனித்துகள்கள் உண்டு, அவற்றில் நிலா வெளிச்சம் வளைந்து அந்த வட்டம் தெரிகிறது. வீட்டில் பெரியவர்களோடு உட்கார்ந்து பேச இது ஒரு காரணமாக இருக்கிறது. எனக்கு அதுவே பெரிய விஷயம்.

இப்போது கேள்வி மறுபக்கமும் வருகிறது. "ஏத்தா, நாளைக்கு வத்தல் காயப் போடலாமா?" என்று ஒரு அப்பத்தா பேத்தியிடம் கேட்கிறார். புழுதியில் நெல் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் அப்பாக்களும் வீடியோவைப் பார்க்கிறார்கள். கேட்டு நடக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் ஒரு எண்ணைக்கூட ஏனோதானோவென்று சொல்வதில்லை.

நாளைக்கு லீவா என்று சொல்வீர்களா?

மாட்டோம். விடுமுறை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். பிள்ளைகள் வாயால் அந்தச் சொல் வரவே கூடாது என்று கண்டிப்பாக வைத்திருக்கிறோம்.

வீடியோவை வெளியே போடுகிறீர்களா?

யூடியூபில் போடச் சொல்லிப் பலர் கேட்கிறார்கள். போடுவதில்லை. பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிய பிள்ளைகள் மட்டுமே முகம் காட்டுகிறார்கள், வீடியோ பெற்றோர் குழுவோடு நிற்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவல்களைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்று 2023-இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இப்படித்தான் செய்வேன். பேரையும் ஊரையும் சொல்ல வேண்டாம், "ஐந்தாம் வகுப்பு" என்றால் போதும். குழுவில் இருப்பவர்களும் தயவுசெய்து மற்ற குழுக்களுக்கு அனுப்பாதீர்கள்.

இடி இடிக்கும்போது அளக்கப் போவார்களா?

போகமாட்டார்கள். கடைசி இடிச் சத்தம் கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை யாரும் மைதானத்தில் இறங்கக் கூடாது. 8.30 தவறினால் தவறட்டும். எத்தனை மணிக்கு அளந்தோம் என்று பக்கத்தில் எழுதிக்கொள்வோம்.

சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் யார் அளப்பது?

பள்ளிக்கு எதிர்வீட்டுப் பிள்ளை இருந்தால் அளப்பாள். அவளும் ஊருக்குப் போய்விட்டால் யாரும் இல்லை. அந்த நாளுக்கு நோட்டில் "அளக்கவில்லை" என்று எழுதுகிறோம். பூஜ்யம் போடக் கூடாது. பூஜ்யம் என்றால் போய்ப் பார்த்தோம், மழை இல்லை என்று அர்த்தம். திங்கட்கிழமை பாட்டிலில் 18 மி.மீ. இருந்தால் "மூன்று நாள் சேர்த்து 18" என்று வாசிப்பார்கள். போன தீபாவளி விடுமுறையில் நாலு கட்டம் காலியாக இருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று ஒருத்தி பூஜ்யம் போட்டுவிட்டாள். மறுநாள் காலை அவளே அதை அடித்துவிட்டு, மேலே சின்ன எழுத்தில் "அளக்கவில்லை" என்று எழுதியிருந்தாள். நோட்டு இப்போதும் அப்படியே இருக்கிறது.